கழுகு வராத மலையும் நாரை வரும் ஏரியும்

உங்களுக்குக் காலை ஷிப்டு. அவருக்கு இரவு ஷிப்டு. நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடித்தனம் செய்யும் பல தம்பதிகளின் கதை இதுதானே? இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு நாள் லீவு கிடைத்தால், அதைத் தூங்கியே தீர்த்துவிடாதீர்கள். சென்ற மார்கழியில் நானும் என் மனைவியும் செய்ததைச் செய்து பாருங்கள். ஒரு ஸ்கூட்டர், இரண்டு பொட்டலம் புளியோதரை. வேறு ஒன்றும் வேண்டாம்.

விடியற்காலையில் கிளம்பி, முதலில் சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து நரசிம்மரை அமர்த்தியிருக்கிறார்கள். அவரை வலம் வரவேண்டுமானால் குன்றையே சுற்றி வரவேண்டும்!

அடுத்தது, செங்கற்பட்டைத் தாண்டினால் வல்லம். உங்கள் சிப்காட் இருக்கும் வல்லம் வடகால் அல்ல. இது வேறு வல்லம். சிறு குன்றில் மூன்று பல்லவர் குகைகள். மகேந்திரவர்மனுக்கு அடங்கிய சிற்றரசர் ஒருவரின் மகன் கந்தசேனன் இங்கே கோயில் செய்வித்ததாகக் கல்வெட்டு சொல்லுகிறது. ஏழாம் நூற்றாண்டுக் கையெழுத்து!

பிறகு திருக்கழுக்குன்றம். 500-க்கும் மேற்பட்ட படிகள். "யார் முதலில்?" என்று பந்தயம் கட்டிய நான் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன் என்பதை மறைப்பானேன்? உச்சியில் வேதகிரீசுவரரைத் தரிசித்துவிட்டு, இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் பார்த்தோம். இதுவும் பல்லவர் குடைந்ததே. பதினேழாம் நூற்றாண்டில், அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் வந்து, தங்கள் பெயர்களை இதன் கல்லிலே செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நம்ம பேரையும் எழுதலாமா?" என்றேன்.

"கந்தசேனன் கோயில் செஞ்சுட்டுப் பேர் போட்டான். நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள் மனைவி. வாயை மூடிக்கொண்டேன்.

ஊருக்குப் பெயர் கொடுத்த கழுகுகள் எங்கே என்கிறீர்களா? ஒரு காலத்தில், நண்பகலில் இரண்டு கழுகுகள் இறங்கிவந்து, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டுவிட்டுப் பறந்துபோகும். அதைக் காணத் தினமும் கூட்டம் காத்திருக்கும். 1990-களோடு அந்தக் காட்சி நின்றுபோயிற்று. அதே காலத்தில்தான் இந்தியா முழுவதும் கழுகினம் மளமளவென்று அழிந்தது. மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது முக்கிய காரணம். 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நண்பகலில் நாங்களும் வெறும் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கினோம். மனைவி வெகுநேரம் பேசவில்லை.

அந்த வருத்தம் தீர வேண்டுமானால் மாலையில் வேடந்தாங்கலுக்குப் போங்கள். பொழுது சாயும் நேரம். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று கூட்டம் கூட்டமாக வந்து மரங்களில் இறங்குகின்றன. அப்பப்பா, என்ன இரைச்சல்! கல்யாண வீட்டுப் பந்தி தோற்றது!

இவை மட்டும் எப்படிப் பிழைத்தன? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பதை ஊரார் கண்டுகொண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஜில்லா கலெக்டரிடமே முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஏரிதான் 2022-இல் உலகப் புகழ்பெற்ற ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. ஏழை உழவர்கள் போட்ட மனுவின் பலனைப் பார்த்தீர்களா?

நவம்பர் முதல் மார்ச் வரை போவது உத்தமம். தூரதரிசினி இருந்தால் எடுத்துப் போங்கள். கரையில் பாட்டு வைக்காதீர்கள், கூச்சல் போடாதீர்கள்.

திரும்பும் வழியில், "ராத்திரி ஆனா இதுங்க எல்லாம் ஒரே நேரத்துல வீட்டுக்கு வந்துடுதே!" என்றாள் மனைவி. பத்திரிகை ஆபீசிலிருந்து நான் வீடு திரும்பும் நேரத்தைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்பது எனக்குப் புரியாதா? உங்கள் வீட்டிலும் இதே பேச்சு எழலாம். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்!