11 எம்.பி.யிலேயே நிக்குதா? முதல்ல கேபிளைப் பாருங்க

வீட்டுல ஒரு நாஸ் வெச்சிருக்கீங்களா? நாஸ்னா பெருசா ஒண்ணும் இல்லை, நெட்வொர்க்கில் மாட்டி வெச்ச ஒரு ஹார்டு டிஸ்க். கடையில் ரெடிமேடா வாங்கின பெட்டியா இருக்கலாம். இல்லைன்னா நம்மை மாதிரி ஆளுங்க ராஸ்பெர்ரி பை 4-ல ஒரு யூஎஸ்பி டிஸ்கை சொருகி, சாம்பா இன்ஸ்டால் பண்ணி ஒப்பேத்தினதா இருக்கலாம். எதுவா இருந்தாலும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்: எல்லாமே கிகாபிட்னுதானே போட்டிருக்கு, அப்புறம் ஏன் ஃபைல் நத்தை மாதிரி போகுது?

எனக்கு அந்தக் கேள்வி போன செமஸ்டர் லீவில் வந்தது. அப்பா சின்னதா ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். பத்து வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் ஒரே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், 640 ஜிபி. வேற காப்பி கிடையாது. (திட்டாதீங்க, நானும் திட்டிட்டேன்.) அந்த டிஸ்க் திடீர்னு டிக், டிக்னு சத்தம் போட ஆரம்பிச்சது. ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் பெண்டிங் செக்டார் எண்ணிக்கை காலையில் பார்த்ததை விட சாயங்காலம் கூடியிருந்தது. உடனே எல்லாத்தையும் நாஸுக்கு மாத்தணும்.

வைஃபையில் ஆரம்பிச்சேன், நொடிக்கு 4 மெகாபைட். லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டினேன், 11.2 ஆச்சு. கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு சந்தோஷம் வேற. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 640 ஜிபி-யை 11.2-ஆல் வகுத்தா 16 மணி நேரம். சாகக் கிடக்கிற டிஸ்க் 16 மணி நேரம் தொடர்ந்து ஓடுமா? எங்க ஊர்ல கரண்டே அவ்வளவு நேரம் ஒழுங்கா நிக்காது. காப்பியை நிறுத்திட்டு டிஸ்கைக் கழட்டி ஓரமா வெச்சேன்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். ஸ்பீடு சோதிக்கிறதுக்கு அந்த மாதிரி டிஸ்கைத் தொடவே தொடாதீங்க. லேப்டாப்பின் எஸ்எஸ்டி-யில் கிடக்கிற ஏதாவது 5 ஜிபி படத்தை வெச்சு சோதிச்சா போதும். நோயாளியை வெச்சு ரோடு டெஸ்ட் பண்ணக் கூடாது.

இப்போ அந்த 11.2-க்கு வருவோம். நெட்வொர்க்கில் வேகத்தை மெகாபிட்டில் சொல்வாங்க, காப்பி விண்டோ மெகாபைட்டில் காட்டும். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தா 12.5, அதில் பாக்கெட் ஹெடர் மாதிரி செலவெல்லாம் போக 11, 12 மிஞ்சும். அதனால உங்க காப்பி 11-லயே ஆணி அடிச்ச மாதிரி ஏறாம இறங்காம நின்னா, டிஸ்க் மேல சந்தேகப்படாதீங்க. வழியில் எங்கேயோ ஒரு இடம் 100 மெகாபிட்டில் ஓடுதுன்னு அர்த்தம். டிஸ்க் பிரச்னைன்னா எண் இப்படி அசையாம நிக்காது, மேலே கீழே ஆடும்.

எந்த இடம்னு கண்டுபிடிக்கிறது சுலபம். விண்டோஸில் ஈதர்நெட் செட்டிங்ஸுக்குள்ள போனா லிங்க் ஸ்பீடு தெரியும். லினக்ஸில் ஈத்டூல்னு ஒரு கமாண்டு இருக்கு. ரெண்டு முனையிலயும் பாருங்க. லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் ஒரு லிங்க், ரவுட்டரிலிருந்து நாஸ் இன்னொரு லிங்க். ஒவ்வொண்ணும் தனித்தனியா வேகம் பேசி முடிவு பண்ணும், ரெண்டில் எது குறைவோ அதுதான் உங்க வேகம். எனக்கு ரெண்டுமே 100-னு காட்டிச்சு.

முதல் குற்றவாளி, சொல்ல வெட்கமா இருக்கு, ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்பில் நானே க்ரிம்ப் பண்ணின கேபிள். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம்னு மனப்பாடம் பண்ணினோமே, ஞாபகம் இருக்கா? அதில் ஒரு விஷயம் யாரும் சொல்லித் தரலை. 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு எட்டுக் கம்பியில் நாலு போதும். 1, 2, 3, 6-ஆம் பின்கள், அதாவது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். ரெண்டு பக்கச் சிப்பும் "நீ கிகாபிட்டா? நானும்தான்"னு பேசிக்கிறதுகூட ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் வழியாத்தான். அதனால பேச்சுவார்த்தை நல்லாவே முடியும். நிஜமா கிகாபிட்டில் இணைய முயற்சி பண்ணும்போது நீலம் வாயே திறக்காது. ரெண்டு மூணு தடவை பார்த்துட்டு, நிறைய சிப்கள் சத்தமே இல்லாம 100-க்கு இறங்கிடும். லைட் எரியும், இன்டர்நெட் வரும், யூட்யூப் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. என் கேபிளில் நீலக் கம்பி ஒண்ணு பின்னைத் தொடவே இல்லை. மூணு வருஷமா அப்படித்தான் ஓடியிருக்கு!

எல்சிடி டெஸ்டர் எல்லாம் வேண்டாம். லேபில் இருக்கிற எட்டு லைட் டெஸ்டரே காட்டிக் கொடுத்துடும். அதுவும் இல்லைன்னா வேற கேபிள் மாத்திப் பாருங்க, அவ்வளவுதான்.

கேபிளை மாத்தினதும் லேப்டாப் பக்கம் 1000 வந்தது. நாஸ் பக்கம் இன்னும் 100. இங்கதான் ரெண்டாவது குற்றவாளி: இன்டர்நெட் கனெக்‌ஷனோடு கொடுத்த ரவுட்டர். இந்த மாதிரிப் பெட்டிகள் பலதில் பின்னாடி நாலு போர்ட் இருந்தாலும் ஒண்ணு மட்டும்தான் கிகாபிட், மத்தது எல்லாம் 100. போர்ட் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஜிஇ, எஃப்இ-னு போட்டிருக்கும், டார்ச் அடிச்சுத்தான் படிக்கணும். லேப்டாப் அந்த ஒரே நல்ல போர்ட்டில் உட்கார்ந்திருந்தது. ஒரு சாதாரண ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி, நாஸ், லேப்டாப் ரெண்டையும் அதில் மாட்டி, ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு கேபிளை ரவுட்டருக்கு விட்டா வேலை முடிஞ்சது. ரெண்டு கருவியும் ஸ்விட்சுக்குள்ளேயே பேசிக்கும், ரவுட்டர் மெதுவா இருந்தா நமக்கென்ன?

வைஃபையில்தான் பண்ணியாகணும்னா ஒண்ணு மட்டும் கவனிங்க: லேப்டாப்பும் நாஸும் ரெண்டுமே ஒரே வைஃபையில் இருந்தா, ஒவ்வொரு பைட்டும் காற்றில் ரெண்டு தடவை போகுது, ரவுட்டருக்கு ஒரு தடவை, அங்கிருந்து இன்னொரு தடவை. வேகம் பாதியாகும். நாஸை மட்டுமாவது கேபிளில் போடுங்க.

ஸ்விட்ச் வந்ததும் ஐபெர்ஃப்3 ஓட்டிப் பார்த்தேன். இது டிஸ்கைத் தொடாம மெமரியிலிருந்து மெமரிக்கு டேட்டாவை அனுப்பி நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். நாஸில் சர்வரா ஒண்ணு, லேப்டாப்பில் கிளையன்டா ஒண்ணு. 940 மெகாபிட் வந்தா உங்க நெட்வொர்க் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்கு 938 வந்தது. ஆனா காப்பி 36-லயே நின்னது.

நெட்வொர்க் சுத்தம்னு தெரிஞ்ச பிறகு தேட வேண்டிய இடம் சின்னதாயிடுது பாருங்க. 30-லிருந்து 40-க்குள்ள நின்னா முதல் சந்தேகம் யூஎஸ்பி 2. பேப்பரில் 480 மெகாபிட், நடைமுறையில் இவ்வளவுதான். பை 4-ல நீல நிற போர்ட் ரெண்டு, கறுப்பு ரெண்டு. நீலம்தான் யூஎஸ்பி 3. அவசரத்தில் நான் கறுப்பில் சொருகியிருந்தேன். மாத்தினதும் டெஸ்ட் ஃபைல் 100-ஐத் தாண்டியது.

உங்களுக்கு நீல போர்ட்டிலும் ஏறலைன்னா, காப்பி ஓடும்போதே நாஸில் டாப் கமாண்டு போட்டு சிபியு-வைப் பாருங்க. டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருந்து, லினக்ஸ் அதை என்டிஎஃப்எஸ்-3ஜி வழியா எழுதினா சிபியு மூச்சு வாங்கும், இஎக்ஸ்டி4-க்கு மாத்தினா சரியாகும். (மாத்தினா டிஸ்கில் இருக்கிறதெல்லாம் அழியும், முதல்ல காலி பண்ணுங்க.) எஸ்எஃப்டிபி-யில் அனுப்பினாலும் இதே கதை. பை 4 சிப்பில் ஏஇஎஸ் என்க்ரிப்ஷனுக்குத் தனி ஹார்டுவேர் கிடையாது.

இன்னொரு வகையும் உண்டு. ஆரம்பத்தில் 110-ல பறக்கும், ஒண்ணு ரெண்டு ஜிபி போனதும் தொபுக்கடீர்னு விழும். அது நாஸின் ரேம் செய்யும் மாயம். ரேம் நிறையுற வரைக்கும் வாங்கிக்கும், நிறைஞ்ச பிறகு டிஸ்கோட நிஜமான வேகம் தெரியும். எஸ்எம்ஆர் வகை டிஸ்காக இருந்தா, நீளமா எழுதிக்கிட்டே இருக்கும்போது ரொம்பவே தடுமாறும். அதற்கு செட்டிங்ஸில் மருந்து கிடையாது.

சரி, பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினேன். முழுசா இழுத்துப் போடலை. அப்பாகிட்ட "எது போனா உங்களால வெளியே தலைகாட்ட முடியாது?"ன்னு கேட்டேன். ஆல்பம் இன்னும் டெலிவரி ஆகாத மூணு கல்யாணத்தைச் சொன்னார். முதல்ல அது. வேகம் 80-க்கும் 90-க்கும் நடுவில், இப்போ அது டிஸ்கோட சொந்த வேகம். பிறகு வருஷவாரியா மத்தது.

ஒரு ஃபோல்டரில் மட்டும் வேகம் கிலோபைட்டுக்கு விழுந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேர் உருவாக்கின தம்ப்நெயில்கள், நாற்பதாயிரம் குட்டி ஃபைல். ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, எழுது, தேதி போடு, மூடுன்னு நாஸோடு பல தடவை பேச வேண்டியிருக்கு. ஃபைல் சின்னதா இருந்தா பேச்சுதான் அதிகம், சரக்கு கம்மி. இதற்கு கேபிள் மாத்தியும் பிரயோஜனம் இல்லை. 7-ஜிப்பில் கம்ப்ரஷன் இல்லாம 'ஸ்டோர்' வெச்சு, ஒரே ஆர்க்கைவா நேரா நாஸிலேயே உருவாக்குங்க. ஜேபெக் ஏற்கெனவே சுருங்கினது, திரும்ப அமுக்கினா நேரம்தான் வீண். ரோபோகாப்பியில் பல த்ரெட் வெச்சு ஓட்டச் சொல்வாங்க, நல்ல டிஸ்குக்கு அது சரி. சாகிற டிஸ்கில் ஹெட் அங்கயும் இங்கயும் ஓடும், நான் செய்யலை. தம்ப்நெயிலையே விட்டுட்டேன், அதை சாஃப்ட்வேர் திரும்ப உருவாக்கிக்கும்.

மொத்தமா ரெண்டரை மணி நேரம் ஆச்சு. பதினேழு போட்டோ மட்டும் ரீட் எரர் காட்டி வரலை. அதற்கு டிடிரெஸ்க்யூ போட்டு ராத்திரி முழுக்க விட்டேன், காலையில் பார்த்தா பதினொண்ணு மீண்டிருந்தது. மத்த ஆறும் ஒரு காதுகுத்து. அப்பா அந்த வீட்டுக்கு போன் போட்டு, பென்டிரைவில் கொடுத்த காப்பி இருக்கான்னு கேட்டார். இருந்தது. நாஸுக்கு இப்போ ரெண்டாவது டிஸ்க் ஒண்ணு வாங்கியிருக்கோம், அதுவும் நீல போர்ட்டில்தான்.