ஸ்வீடிஷா, தாய் மசாஜா, தொக்கணமா? எதில் என்ன நடக்கும், யார் தவிர்க்க வேண்டும்?

நாள் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்து உட்காருபவர்களுக்குக் கழுத்தும் தோள்பட்டையும் கல் மாதிரி இறுகிவிடுகின்றன. 'ஒரு மசாஜ் போட்டா சரியாகிடும்' என்று யாராவது சொல்வார்கள். ஆனால் ஸ்பா மெனுவைத் திறந்தால் ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், ஷியாட்சு, அப்யங்கம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். முதன்முறை போகிறவர்களில் பலர் விலையை மட்டும் பார்த்து ஏதோ ஒன்றை டிக் செய்துவிடுகிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. சிலவற்றில் உடம்பு முழுக்க எண்ணெய், சிலவற்றில் ஒரு துளிகூடக் கிடையாது. சிலவற்றில் தூக்கம் வரும், சிலவற்றில் கண்ணீரே வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், சில உடம்புக்குச் சில அழுத்தம் ஆகவே ஆகாது.

ஸ்வீடிஷ்: முதல்முறை போகிறவர்களுக்கு

மேசை மீது படுக்க வேண்டும். உடம்பைத் துண்டாலோ விரிப்பாலோ மூடியிருப்பார்கள். எந்த இடத்தில் தேய்க்கிறார்களோ அந்த இடம் மட்டும் வெளியே தெரியும். எண்ணெய் தடவி நீளமாக நீவுவது, மாவு பிசைவது போலத் தசையைப் பிசைவது, உள்ளங்கை ஓரத்தால் தட்டுவது ஆகியவைதான் இதன் அடிப்படை.

பெயரைப் பார்த்து இதை ஸ்வீடனைச் சேர்ந்த பெர் ஹென்ரிக் லிங் உருவாக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். 1813-ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்வி நிலையம் தொடங்கியவர் அவர். ஆனால் இந்த நீவல், பிசைதல் முறைகளுக்கு இன்று வழங்கும் பிரெஞ்சுப் பெயர்களைப் பரப்பியவர் நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர். அழுத்தம் மிதமாகத்தான் இருக்கும். 'ரிலாக்ஸ் ஆனா போதும்' என்பவர்களுக்கு இதுவே சரி.

டீப் டிஷ்யூ: வலிச்சாதான் வேலை செய்யுமா?

அதே மேசை, அதே எண்ணெய்தான். ஆனால் வேகம் குறைவு, அழுத்தம் அதிகம். விரல் முட்டி, முழங்கை, முன்கை எல்லாம் களத்தில் இறங்கும். ஜிம்மில் முதல் நாள் போட்டு அடித்த மறுநாள் மாதிரி, ஓரிரு நாள் உடம்பு வலிக்கலாம். இது இயல்புதான்.

ஆனால் 'செம வலி, அப்போ செம மசாஜ்' என்ற கணக்கு தப்பு. வலி தாங்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை விறைத்தால், தளர வேண்டிய தசை இன்னும் இறுகத்தான் செய்யும். அந்த நிலை வந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

தாய், ஷியாட்சு: எண்ணெய் இல்லை, உடையும் கழற்ற வேண்டாம்

பாரம்பரிய தாய் மசாஜில் தளர்வான பருத்தி உடை கொடுப்பார்கள். தரையில் விரித்த மெத்தையில் படுக்க வேண்டும். கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால், பாதம் என எல்லாவற்றாலும் அழுத்துவார்கள். கை கால்களை இழுத்து, மடக்கி, வளைப்பார்கள். யாரோ உங்களுக்காக யோகாசனம் செய்துவிடுவது மாதிரி இருக்கும்.

பாங்காக்கின் வாட் போ கோயில் இந்தக் கலைக்குப் பெயர் பெற்றது. உடலின் அழுத்தப் புள்ளிகளைக் காட்டும் பழைய கல்வெட்டுப் படங்களை அங்கே இன்றும் பார்க்கலாம். 2019-ல் யுனெஸ்கோவின் கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியலிலும் இது இடம்பிடித்தது. முதுகுத் தட்டு விலகல், மூட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லாமல் இந்த வளைப்புகளுக்கு உடன்படக் கூடாது.

ஷியாட்சு ஜப்பானிலிருந்து வந்தது. 'விரல் அழுத்தம்' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். இதிலும் உடை மேலேயே அழுத்துவார்கள். தேய்ப்பது குறைவு. ஒரு புள்ளியில் சில நொடி அழுத்தி விடுவதுதான் முறை.

மால்களில் பார்க்கும் ஃபுட் ரிஃப்ளெக்ஸாலஜி, பாதத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உள்ளுறுப்போடு தொடர்புள்ளது என்ற நம்பிக்கையில் எழுந்தது. அப்படி அழுத்தி உள்ளுறுப்பு நோயைக் குணப்படுத்தலாம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நடந்து நின்று களைத்த காலுக்கு ஆறுதல் கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்யங்கம்: எண்ணெயில் ஒரு குளியல்

கேரள ஆயுர்வேத மையங்களில் பிரபலமானது இது. மரத்தொட்டி போன்ற மேசையில் படுக்க வைத்து, மூலிகை சேர்த்த எண்ணெயை வெதுவெதுப்பாக ஊற்றித் தேய்ப்பார்கள். பல இடங்களில் இரண்டு பேர் இருபுறமும் நின்று ஒரே தாளத்தில் தேய்ப்பதும் உண்டு. பெரும்பாலும் கோவணம் போன்ற சிறு துணி மட்டும்தான் உடை. இது தெரியாமல் போனால் சங்கடமாக இருக்கும். பாரம்பரிய மையங்களில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதே வழக்கம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே போகக் கூடாது.

தொக்கணம்: நம்ம ஊர் முறை

சித்த மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என 9 வகை. இதன் நெருங்கிய உறவு வர்மம். உடலில் 108 வர்மப் புள்ளிகள் இருப்பதாகச் சித்த நூல்கள் சொல்கின்றன.

ஸ்பாவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இங்கே மெனு கார்டு கிடையாது. சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் முதலில் மருத்துவர் பரிசோதிப்பார். என்ன எண்ணெய், எத்தனை நாள், எந்த வகை என்பதை அவர்தான் முடிவு செய்வார். 'எனக்கு வர்மம் தெரியும்' என்று சொல்பவர்களிடம் எங்கே படித்தார்கள், யாரிடம் பயின்றார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

சலூனில் கழுத்தில் 'டக்'... ஜாக்கிரதை!

முடி வெட்டியதும் தலையில் ஒரு மசாஜ், கடைசியில் கழுத்தைப் பிடித்து 'டக்'கென்று ஒரு திருப்பு. தலை மசாஜில் பிரச்சினை இல்லை. ஷாம்பு என்ற ஆங்கிலச் சொல்லே, அழுத்துவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து போனதுதான். ஆபத்து அந்தத் திருப்பில்தான்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இரண்டு, கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாக மேலே போகின்றன. திடீரெனத் திருப்பும்போது தமனியின் உட்சுவர் கிழியலாம். அந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். சலூன் தொட்டியில் கழுத்தைப் பின்னால் சாய்த்து முடி அலசியபின் 5 பெண்களுக்கு இப்படி மூளை ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டதை, அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1993-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்தார். இது அரிதுதான். ஆனால் அந்த 'டக்' சத்தத்துக்காக இந்த ரிஸ்க் எதற்கு? 'அண்ணா, கழுத்து மட்டும் வேணாம்' என்று ஒரு வார்த்தை போதும்.

கழுத்தைத் திருப்பிய பிறகு கடும் கழுத்து வலி, தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

உண்மையில் என்ன பலன்?

தசை இறுக்கம் தளரும், மனம் லேசாகும், நல்ல தூக்கம் வரலாம். புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் மசாஜையும் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சேர்த்தது. ஆதாரத்தின் தரம் குறைவு என்பதையும் அதிலேயே குறிப்பிட்டது.

'உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும்' என்பது விளம்பரம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சும்மாவே செய்கின்றன. லேப்டாப்பின் உயரத்தையும் உட்காரும் விதத்தையும் மாற்றாவிட்டால், தளர்ந்த தோள்பட்டை சில நாளிலேயே மறுபடி இறுகும்.

யார் தவிர்க்க வேண்டும்?

* ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு இருந்தால் அந்தக் காலை அழுத்தவே கூடாது. அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, நீண்ட பயணத்துக்குப் பிறகு கால் நரம்பில் ரத்தம் உறைந்திருக்கலாம். மாவுக்கட்டு பிரித்த காலுக்கு வீட்டில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்தபோது, ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து 23 வயது இளைஞர் இறந்த டெல்லி சம்பவம் 2017-ல் செய்தியானது.
* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆழமான அழுத்தம் வேண்டாம். உள்ளே ரத்தம் கசியலாம்.
* காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.
* கர்ப்பிணிகள், எலும்புத் தேய்மானம், புற்றுநோய், சர்க்கரை நோயால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே போக வேண்டும்.
* முதுகு வலியோடு கால் பலவீனமோ, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாத நிலையோ இருந்தால் போக வேண்டியது மருத்துவமனைக்கு, ஸ்பாவுக்கு இல்லை.

உள்ளே போனதும் இதைக் கவனியுங்கள்

நல்ல இடம் உங்கள் மேல் கை வைப்பதற்கு முன் கேள்வி கேட்கும்: என்ன மருந்து எடுக்கிறீர்கள், சமீபத்தில் அடிபட்டதா, எங்கே தொடக் கூடாது, அழுத்தம் எவ்வளவு வேண்டும். எதுவுமே கேட்காமல் 'படுங்க' என்று சொன்னால் யோசியுங்கள்.

எந்த உடையைக் கழற்றுவது என்பது உங்கள் முடிவு. நடுவில் 'அக்கா, கொஞ்சம் மெதுவா' என்று சொல்வதும், 'போதும்' என்று எழுந்து வருவதும் உங்கள் உரிமை. பணம் கட்டிவிட்டோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை. அந்தரங்க இடத்தில் கை போனால் உடனே வெளியேறி 112-ஐ அழைக்கலாம். பெண்களுக்கு 181 உதவி எண்ணும் இருக்கிறது.

முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம், தலைசுற்றலாம். எண்ணெய்க் காலோடு நடக்கும்போது வழுக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுங்கள். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் வலி குறையவில்லை, அல்லது புதிதாக மரத்துப்போகிறது என்றால் அடுத்த மசாஜை புக் செய்யாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.