சக்கரத்தில் வீடு, சாக்கடை எங்கே?

பேசின் பிரிட்ஜிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ட்ரலில் பயணிகளை இறக்கிவிட்டுக் கழுவலுக்கும் தண்ணீர் நிரப்பலுக்கும் ரயில்கள் வந்து நிற்குமே, அந்த யார்டில், பிட் லைனில், பெட்டிகளுக்கு அடியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். “பிள்ளைகள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். கையில் கொஞ்சம் கிராஜுவிட்டி பணம் இருக்கிறது. பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, அதையே வீடாக்கிக்கொண்டு, நானும் வீட்டுக்காரியும் ஊர் ஊராகப் போய் இருக்கலாம் என்று யோசனை. வாடகை மிச்சமாகும். ரயில் பெட்டிக்கு அடியில் இருப்பது போல ஒரு பயோ டேங்க்கை மாட்டிவிட்டால் கக்கூஸ் கவலையும் விட்டது. சரிதானே ஐயா?” என்று கேட்கிறார்.

கேரவன் வாழ்க்கை பற்றி என்னிடம் கேட்பவர்கள் கட்டில் எப்படி மடங்கும், டி.வி. எங்கே வைப்பது என்றுதான் ஆரம்பிப்பார்கள். எடுத்த எடுப்பில் கக்கூஸுக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். தொழில் பேசுகிறது. அதனால் கட்டில், அடுப்பு, அலமாரி பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நல்ல ஆசாரி கிடைத்தால் அதெல்லாம் தானாக நடக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். முதலில் சட்டம். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று ஓர் இனம் மத்திய அரசின் வாகனப் பட்டியலில் காருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மோட்டார் கேரவன் எப்படி இருக்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதியும் இருக்கிறது. இவற்றைப் பார்க்காமல் இருக்கையைப் பிடுங்கிப்போட்டுக் கட்டிலைப் போட்டால், அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே ஆசாரிக்கு முன்பு ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

அடுத்தது மின்சாரம். 150 ஆம்பியர் பேட்டரியில் அடங்குவது 1.8 யூனிட். பேட்டரி நீடித்து உழைக்க வேண்டுமென்றால் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு டன் ஏ.சி. அதை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். 30 வாட் மின்விசிறியோ இராத்திரி முழுக்கச் சுற்றினாலும் கால் யூனிட்டைக் கொஞ்சம்தான் தாண்டும். கூரையில் 400 வாட் சோலார் தகடு போட்டால் நம் வெயிலில் நாளுக்கு ஒன்றரை யூனிட் கிடைக்கும். ஏ.சி.யை மறந்துவிட்டு, மே மாதத்தில் ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ ஓடிவிடுவதுதான் சிக்கனம். ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

டீசல் கணக்கு இன்னும் சுலபம். லிட்டருக்குப் பத்து, பதினொரு கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ஆகும். மூவாயிரம் ஓடினால் பேசின் பிரிட்ஜில் நல்ல வீட்டு வாடகையைவிட அதிகம். நகரும் வீடு மலிவாக இருக்க வேண்டுமானால் அது பெரும்பாலும் நகராமல் இருக்க வேண்டும்; ஓர் ஊரில் பத்து நாள், அடுத்ததில் பத்து நாள்.

இனி தண்ணீர். இரண்டு பேர், ஆளுக்கு 20 லிட்டர் என்று கையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தால், 120 லிட்டர் டேங்க் மூன்று நாள் வரும். நிரப்பியவுடன் அது 120 கிலோ. நிரப்புவதில் பெரிய சிரமம் இல்லை. தமிழ்நாட்டில் தண்ணீர் கேட்டு இல்லை என்று சொல்கிற வீடு குறைவு. உள்ளே போன தண்ணீர் வெளியே வருமே, அதை எந்த வீட்டில் போய்க் கேட்பது? கூரையும் சுவரும் தயாரிக்கச் சுலபமான சமாசாரங்கள். வீட்டை ஓரிடத்தில் கட்டிப்போட்டிருப்பது தரைக்கடியில் ஓடும் சாக்கடைக் குழாய். அதை அறுத்துக்கொண்டு கிளம்புகிறவன் தன் சாக்கடையைத் தானே சுமக்க வேண்டும்.

நூறு ஆண்டுக்கும் மேலாக ரயில்வே இதைச் சுமக்கவே இல்லை. பெட்டியின் தரையில் ஓட்டை, கீழே தண்டவாளம், அவ்வளவுதான். தண்டவாளம் துருப்பிடித்ததைப் பற்றி அறிக்கைகள் வந்தன. ஸ்டேஷன்களில் மலத்தைக் கையால் வாரியவர்களைப் பற்றி வந்த அறிக்கைகள் அதைவிடக் குறைவு. பிறகுதான் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் பயோ டாய்லெட் வந்தது. சியாச்சின் போன்ற பனிமலைகளில் இருக்கும் வீரர்களுக்காக யோசிக்கப்பட்டது அது. குளிரில் எதுவும் மக்காது. அதனால் குளிரிலும் வேலை செய்கிற பாக்டீரியாவைத் தேடி அண்டார்டிகா வரைக்கும் போனார்கள். அந்த வம்சம் கலந்த கூட்டம்தான் இன்று சென்னை வெயிலில் பெட்டிக்கடியில் தொங்குகிறது. 2011 ஜனவரியில் குவாலியர்–வாரணாசி புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் முதலில் மாட்டினார்கள். தண்டவாளத்தில் மலம் விழாத முதல் பசுமைத் தடம் என்று 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டது நம் மானாமதுரை–ராமேஸ்வரம் பாதை, 114 கிலோமீட்டர்.

அந்தத் தொட்டியின் உட்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சில நூறு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பெட்டி. உள்ளே குறுக்குத் தடுப்புகள். தடுப்புச் சுவர்களில் பிளாஸ்டிக் புல் பாய் ஒட்டியிருக்கும், பாக்டீரியா பற்றிக்கொள்ள. புதுத் தொட்டியில் முதலில் பாக்டீரியாக் கரைசலை ஊற்றிவைப்பார்கள். எங்கள் வீட்டில் உறைமோர் தீர்ந்துபோனால் அம்மா பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு அனுப்புவாள். இதுவும் அதே வேலைதான், உறை ஊற்றுகிற வேலை. காற்றுப் புகாத இருட்டில் அவை மலத்தைத் தின்று மீத்தேனும் கரியமில வாயுவும் தண்ணீருமாகப் பிரிக்கின்றன. ஒவ்வோர் அறையாகத் தாண்டிவரும் தண்ணீர் கடைசியில் குளோரின் மாத்திரையைத் தொட்டுவிட்டு ஜல்லியில் சொட்டுகிறது.

இந்த ஜீவன்களுக்கு இரண்டே நிபந்தனைகள். நேரம் கொடுக்க வேண்டும், ஆசிட் ஊற்றக் கூடாது. நம் மக்கள் இரண்டையும் மீறியதோடு தொட்டிக்குள் தண்ணீர் பாட்டில், குட்கா பாக்கெட், நாப்கின், குழந்தையின் டயப்பர் எல்லாவற்றையும் போட்டார்கள். 2017-இல் வெளியான தணிக்கைத் துறை அறிக்கை, சுமார் 25 ஆயிரம் பயோ டாய்லெட்டுகளில் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 2 லட்சம் கோளாறுகளைக் கணக்கிட்டது. அதில் பாதிக்கும் மேல் அடைப்பு. அடைப்பு தானாக நீங்காது. யார்டில் ஒருவர் தொட்டியைக் கழற்றி, நாம் போட்ட பாட்டிலை எடுக்க வேண்டும். கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க ஒரு கருவி செய்கிறோம், பிறகு நாமே அதன் வாயில் பாட்டிலைச் செருகி ஒரு மனிதரைத் திரும்பக் கீழே இறக்குகிறோம். ஏ.சி. கோச்சில் போகிற படித்தவர்களும் இதில் விதிவிலக்கில்லை. கடிதம் எழுதியவருக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவர் எடுத்த பொருள்களின் பட்டியலை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அச்சிட முடியாது.

தொட்டி சொன்னபடி வேலை செய்கிறதா என்பதிலும் தகராறு உண்டு. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு ஒன்று, இது சாதாரண செப்டிக் டேங்க்கைவிடப் பெரிதாக எதையும் செய்வதில்லை என்றது. ரயில்வே அதை ஏற்கவில்லை. எனக்குத் தோன்றுவது, நெரிசல்தான் காரணம் என்று. 72 பெர்த் கொண்ட ஸ்லீப்பர் பெட்டிக்கு நான்கு கழிவறைகள். ஒரு தொட்டிக்குப் பதினெட்டு பேர் என்பதே குறைந்தபட்சக் கணக்கு. அன்ரிசர்வ்டில் கேட்கவே வேண்டாம். உள்ளே போனது செரிப்பதற்கு முன்பே அடுத்தது தள்ளிவிடுகிறது.

அப்படியானால் இரண்டே பேர் இருக்கும் வேனில் அதே தொட்டி பிரமாதமாக வேலை செய்ய வேண்டுமே? செய்யும். பாக்டீரியாவுக்கு அது சொர்க்கம், வண்டிக்கு நரகம். 300 லிட்டர் என்றால் 300 கிலோ, தொட்டியின் எடை தனி. ஐந்தாறு பேரை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். அதோடு ரயிலில் மிச்சத் தண்ணீர் ஜல்லியில் சொட்டுகிறது. வேனில் அது மதுரைத் தெருவில் சொட்டும். ஆகவே வேண்டாம், ஐயா.

வெளிநாட்டு கேரவன்களில் இருப்பது கேசட் டாய்லெட். பீடத்துக்கு அடியில் 20 லிட்டர் பெட்டி; நிறைந்ததும் சூட்கேஸ் போல இழுத்துக்கொண்டு போய், அதற்கென்று இருக்கும் இடத்தில் கொட்டிவிட்டு வரலாம். அதைச் செய்தவர்கள் காகிதத்தால் துடைக்கிறவர்கள். நாம் கழுவுகிறவர்கள். இரண்டு பேரின் சிறுநீரே நாளுக்கு மூன்று லிட்டர். ஒவ்வொரு தடவையும் அரைச் சொம்பு, ஒரு சொம்பு என்று தண்ணீர் சேர்ந்தால் பெட்டி இரண்டாம் நாளே நிறைந்துவிடும். இறக்குமதிக் கருவிகளை வாங்கிவிட்டு நம் பழக்கத்தைக் குறை சொல்வது நம்மவர்களுக்கு வாடிக்கை. எனக்கு அதில் சம்மதமில்லை.

கழுவுகிறவர்களுக்கான விடை திருச்சி மாவட்டம் முசிறியில் இருக்கிறது. காவிரிக் கரையில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் குழிக் கழிவறை சரிப்படாது. ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஈகோசான் கழிவறைகளைக் கட்டியது. அதை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உபயோகித்தவருக்குத் தடவைக்குப் பத்துப் பைசா கொடுத்து, உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த கழிவறை அது. அதன் சூட்சுமம் மூன்று வழிகள்: மலம் ஒரு துளையில், சிறுநீர் ஒன்றில், சற்று நகர்ந்து உட்கார்ந்து கழுவும் தண்ணீர் மூன்றாவதில். மலத்தின் மேல் ஒரு கைப்பிடி சாம்பல். ஈரம் சேராததால் நாற்றம் இல்லை, எடையும் இல்லை.

வேனுக்கும் அதையே சின்னதாக்கலாம். மூடியுள்ள ஒரு வாளி, பத்து லிட்டர் கேன் ஒன்று, கழுவும் தண்ணீருக்கு இன்னொரு கேன், ஒரு மூட்டை தென்னை நார்த்தூள் அல்லது சாம்பல். கேன்களை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏதாவதொரு கழிவறையில் ஊற்றிவிடலாம். வாளி நாலைந்து நாள் தாங்கும். பிறகு தெரிந்தவர் தோட்டத்தில் ஆழமான குழி, மேலே மண், மாதக்கணக்கில் தொடாமல் இருப்பது. குப்பைத்தொட்டியில் போடுவதோ, இரவோடு இரவாக ஆற்றங்கரையில் கவிழ்ப்பதோ கூடாது. சீருடை போட்ட ஒருவர்தான் மறுநாள் காலை அதைக் கையால் எடுப்பார்.

ஏதாவதொரு கழிவறை என்று சுலபமாக எழுதிவிட்டேன். எது? கேரளம் 2021-இல் கேரவன் கொள்கை அறிவித்து, வாகமனில் பூங்கா திறந்தது. ஆனால் அவை சுற்றுலாக்காரரின் பையைக் கணக்கில் வைத்தவை. நம் பக்கம் செப்டிக் லாரிகள் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. அங்கே கழிவுநீரைச் சுத்தப்படுத்தி மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்பும் ஆலைகூட 2019 முதல் ஓடுகிறது. அத்தனை பெரிய ஏற்பாட்டின் வாசலில், பத்து லிட்டர் கேனோடு வரும் தனிமனிதன் ஊற்ற ஒரு தொட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்? இதைக் கேரவன்காரர்களுக்காக மட்டும் கேட்கவில்லை. துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் டிரைவர்கள் எத்தனையோ வருஷமாக வண்டியிலேயே சமைத்து, டிரெய்லருக்கு அடியில் போர்வையைத் தூளி கட்டிப் படுத்து, வண்டியிலேயே வாழ்கிறவர்கள். அவர்கள் காலையில் எங்கே போகிறார்கள் என்று எண்ணூர் சாலையில் போகிற எவரும் கேட்டதில்லை. பெட்ரோல் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்று டிரைவர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள், நல்லது. பல பங்க்குகளில் கழிவறைச் சாவி இன்னும் மேனேஜர் மேஜைக்குள்தான்.

இனி செய்ய வேண்டியது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், வீட்டு மோட்டாரை அணைத்துவிட்டு ஆறு 20 லிட்டர் கேன்களை வரிசையாக வையுங்கள். குளியல், பாத்திரம், சமையல் எல்லாம் அதற்குள். அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வாளிகளில் பிடித்துவையுங்கள். எத்தனை வாளி சேர்கிறது என்று உங்கள் வீட்டம்மாவும் பார்க்கட்டும். மூன்று நாள் தாக்குப்பிடித்தால் வேன் விலை விசாரிக்கலாம். வாங்கி, கட்டிலும் அடுப்பும் போட்ட பிறகு, டேங்க்கை நிரப்பி, நீங்கள் இருவரும் உட்கார்ந்தபடியே ஓர் எடைமேடையில் ஏற்றுங்கள். உங்கள் பக்கத்தில் லாரிகளுக்கான எடைமேடைக்குப் பஞ்சமில்லை. சீட்டில் வரும் எண் ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடிவிட்டால் முதலில் அலமாரியைக் கழற்றுங்கள், தண்ணீரில் கை வைக்காதீர்கள்.