மட்டாஞ்சேரிக் கடைவீதியும் நமது அடுக்களையும்

பிழைப்பை நாடியோ பணிமாற்றம் பெற்றோ பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கத்தைக் காணலாம். ஊருக்குச் சென்று திரும்புந்தோறும் குழம்புப்பொடி, இரசப்பொடி, புளி, பருப்பு ஆகியவற்றை மூட்டை கட்டிக்கொண்டு வருவோம். அம்மூட்டை தீரும்வரை வீட்டில் ஊர் மணக்கும். தீர்ந்தபின் சமையலில் ஏதோ குறைவதாகத் தோன்றும். கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரிக்கு வந்த முதலாண்டில் நாமும் இவ்வாறே செய்தோம். மிளகைக்கூட ஊரிலிருந்தே கொணர்ந்தோம். கொல்லன் தெருவில் ஊசி விற்பது பேதைமை என்பார்கள். மிளகுச் சந்தைக்கே மிளகு சுமந்து சென்ற செயலை என்னென்பது!

மிளகுக்கும் இக்கடற்கரைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சங்க நூல்களில் மிளகுக்குக் ‘கறி’ என்று பெயர். கொச்சிக்கு வடக்கே, கொடுங்கல்லூரை அடுத்து இருந்ததாகக் கருதப்படும் முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தியை அகநானூறு கூறுகிறது. 1500-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் கொச்சிக்கு வந்தனர். 1663-இல் டச்சுக்காரர் அவர்களை வென்றனர். இருவரும் முதற்கண் நாடியது மிளகையே. 1957-இல் மிளகு வாணிகத்துக்கென ஒரு சங்கம் மட்டாஞ்சேரியிலேயே தோன்றியது. காயலை ஒட்டிய பசார் சாலையின் பண்டகசாலைகள் பல இன்று கலைப்பொருட் கடைகளாகவும் உணவு விடுதிகளாகவும் மாறிவிட்டன. எனினும் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கடைகள் மறைந்துவிடவில்லை. கடல் கடந்து செல்லும் அதே பண்டத்தை நாம் நூறு கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தருகிறார்கள்.

இக்கடைகளில் பொருள் வாங்குவதில் நமக்கு நேரும் முதல் இடையூறு சொற்களால் வருவது. ‘மிளகு’ என்று கேட்டோம். கடைக்காரர் வற்றல் மிளகாயை எடுத்தார். மலையாளத்தில் ‘முளகு’ என்றால் மிளகாய்; நமது மிளகு அங்கே ‘குருமுளகு’. இது பிழையன்று. அமெரிக்கக் கண்டத்திற்குரிய மிளகாயைப் போர்ச்சுகீசியர் நம் நாட்டிற்குக் கொணர்ந்தபோது, காரத்திற்கு நாம் அறிந்திருந்த பெயர் மிளகு ஒன்றே. புதிய பொருளைத் தமிழர் ‘மிளகு போன்ற காய்’ என்னும் கருத்தில் மிளகாய் என்றனர். மலையாளிகளோ பழைய பெயரையே புதியதற்குக் கொடுத்து, பழையதைக் ‘குரு’, அதாவது விதை, என்னும் அடைமொழியால் பிரித்தறிந்தனர்.

சர்க்கரையின் கதையும் இத்தகையதே. ‘சர்க்கர’ என்று கேட்பவருக்கு இங்கே வெல்லம் கிடைக்கும். வெண்சர்க்கரை வேண்டுவோர் ‘பஞ்சசார’ என்று கேட்டல் வேண்டும். வெல்லமிட்டுச் சமைக்கும் பொங்கலை நாம் சர்க்கரைப் பொங்கல் என்றே வழங்குவதை எண்ணினால், நாம் பெரிதும் கைவிட்ட பொருளை அண்டை வீட்டார் காத்து வைத்திருப்பது விளங்கும். பூண்டு ‘வெளுத்துள்ளி’, வெந்தயம் ‘உலுவ’, பெருங்காயம் ‘காயம்’. இவ்வளவு தெரிந்தால் மாதச் சாமான் வாங்க மொழி தடையாகாது.

அடுத்தது பண்டத்தின் தரம் அறிதல். நல்ல மிளகு கையில் கனமாக இருக்கும். கடித்தால் காரம் நாவில் தங்கும். பொக்கு மிளகு நீரில் மிதக்கும். கலப்படத்திற்குச் சேர்க்கப்படும் உலர்ந்த பப்பாளி விதையும் மிதக்கும். ஆதலால் ஒரு பிடி மிளகை நீரிலிட்டுப் பார்ப்பது எளிய சோதனையாகும். மிளகின் காரம் ஒரு பொருளால் வருவது. மணமோ காற்றில் பறந்துவிடும் எண்ணெயால் வருவது. இடித்துவிட்டால் மணம் விரைவில் மறையும். ஆகவே முழு மிளகாக வாங்கி, வேண்டும்போது இடித்துக்கொள்வதே சிறந்தது. ஊரில் அரைத்துவந்த பொடி நாளடைவில் வலுவிழப்பதற்கும் இதுவே காரணம்.

குமரி மாவட்டத்தார் நன்கறிந்த குடம்புளி மற்றொரு பண்டம். பழத்தின் தோட்டைப் பிளந்து, வெயிலிலும் புகையிலும் உலர்த்திக் கருக்கி வைப்பார்கள். இதைக் கரைத்து வடிகட்டும் வேலையில்லை. கழுவி, சிறிது நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று துண்டுகளைக் குழம்பில் இட்டால் போதும்.

அரிசி விஷயத்தில் நாம் பட்ட பாட்டையும் சொல்லிவிடுவோம். செந்நிற மட்ட அரிசியை வாங்கி, பொன்னி அரிசிக்கு வைப்பதுபோல அளவாக நீர் வைத்தோம். அடி பிடித்தது, மேலே விதை விதையாக நின்றது. தவிடு முற்றும் நீங்காத பருத்த புழுங்கலரிசி அது. நீரை மிகுதியாக வைத்து, நெடுநேரம் கொதிக்கவிட்டு, கஞ்சியை வடிக்கவேண்டும் என்பதை அண்டை வீட்டு அம்மையார் கற்பித்தார். வடித்த கஞ்சியில் உப்பிட்டுப் பருகினோம். அதன் சுவைக்காகவே அவ்வரிசியை மீண்டும் வாங்கினோம்.

இவற்றையெல்லாம் விரும்பாதவர் நம்முடன் வந்திருந்த முதிய தாயார். தேங்காய் எண்ணெய் தலைக்குத் தேய்ப்பதற்கேயன்றிச் சமையலுக்கு ஆகாது என்பது அவருடைய முடிபு. மொழி தெரியாத ஊர் என்று வீட்டை விட்டு வெளியே செல்வதுமில்லை. பிள்ளைகள் பள்ளிக்கும் நாம் அலுவலகத்திற்கும் சென்றபின், பேசுவதற்கு ஒருவருமின்றி நாள் முழுதும் இருப்பார். அயல் மாநிலங்களில் நம்முடன் வந்து வாழும் முதியோர் பலருடைய நிலை இதுவே. நாம் அதை உணர்வதற்கு நெடுநாள் ஆயிற்று.

ஒருநாள் மிளகு தீர்ந்துவிட, அவரையும் கடைக்கு அழைத்துச் சென்றோம். சாக்கிலிருந்து நாலு மிளகை எடுத்து வாயிலிட்டுக் கடித்தார். “இதுதான் மிளகு” என்று தமிழில் சொன்னார். “இது வயநாடன், அம்மே” என்று கடைக்காரர் மலையாளத்தில் விடை சொன்னார். அதன்பின் இருவரும் தத்தம் மொழியிலேயே சுக்கையும் ஏலத்தையும் பற்றிக் கால் மணி நேரம் பேசினர். அன்று மாலை தாயார் மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாக இடித்து, புளிநீர் கொதித்து அடங்கும் தறுவாயில் அதைத் தூவி, நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து இரசம் வைத்தார். ஊர் இரசந்தான், ஆனால் ஊரில் இவ்வளவு மணந்ததில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அது முதற்கொண்டு வாரந்தோறும் கடைக்குச் செல்வது அவருடைய பொறுப்பாயிற்று. தேங்காய் எண்ணெயை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

மட்டாஞ்சேரியில் கொங்கணியரும் குஜராத்தியரும் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் சலவைத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்களும் அவ்வாறே வாழ்கின்றன. தம் சுவையை விடாமலும் அயலார் பண்டத்தை வெறுக்காமலும் இருக்கலாம் என்பதற்கு இவ்வூரே சான்று. நேயர்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது வீட்டுப் பெரியவரையும் உடன் அழைத்துச் செல்வார்களாக. ஊர் மூட்டை தீர்ந்துபோவதைப் பற்றிய கவலை அன்றே பாதியாகக் குறையும்.