அரசு தந்த லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: தென்காசியில ஒரு சாரல் சீசன்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "வீட்ல பழைய லேப்டாப் ஒண்ணு கிடக்கு, எஸ்எஸ்டி போட்டா தேறுமா, இல்ல தூக்கிப் போட்டுடலாமா?" இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. அதனால நானே மாட்டிக்கிட்ட ஒரு கதையோட சொல்றேன்.

2025 ஜூலை. குற்றாலத்துல நல்ல சீசன். லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். சித்தி வீடு இலஞ்சியில இருக்கு, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல. சித்தி பொண்ணு அப்போதான் ப்ளஸ் டூ முடிச்சு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல இருந்தா. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கப் போறா, கையில லேப்டாப் இல்ல. சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏல, சித்தி செயின பேங்க்ல வச்சா அம்பதாயிரம் கெடைக்கும். நல்ல லேப்டாப்பா ஒண்ணு பாத்துச் சொல்லு"ன்னார். சித்தி ஒண்ணும் பேசல.

அப்பதான் எனக்கு எங்க வீட்டுப் பரண் ஞாபகம் வந்துச்சு.

பரண்ல கிடந்த மெஷின்

அரசுப் பள்ளியிலயும் அரசு உதவி பெறும் பள்ளியிலயும் படிச்சவங்களுக்கு இந்த மெஷினைத் தெரிஞ்சிருக்கும். தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்னைக்குத் தொடங்குச்சு. எல்காட் மூலமா வாங்கி லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கொடுத்தாங்க. எனக்கு 2014-ல வந்துச்சு. செலரான் பிராசசர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சென்னை சி-டாக் உருவாக்கின ஆப்பரேட்டிங் சிஸ்டம் அது. நாங்க யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லங்கிறது வேற விஷயம். நான் முதல் முதலா கோட் எழுதினது அந்த மெஷின்லதான். வேலை கிடைச்சதும் புதுசு வாங்கிட்டேன், அது பரணுக்குப் போயிடுச்சு.

இறக்கித் தூசி தட்டி ஆன் பண்ணேன். ஃபோன்ல டைமர் வச்சுப் பார்த்தேன். பட்டனை அமுக்கினதுல இருந்து பிரவுசர்ல ஒரு பக்கம் திறக்கிறதுக்கு 4 நிமிஷம் 40 செகண்ட். தங்கச்சி எட்டிப் பார்த்துட்டு, "அண்ணே, இதுக்கு நான் நோட்டுலயே ப்ரோகிராம் எழுதிருவேன்"னா.

முதல்ல நோயைக் கண்டுபிடிங்க

மெஷின் ஸ்லோன்னதும் கடைக்கு ஓடாதீங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 8-க்கு அப்புறம் வந்ததுல சிபியு, மெமரி, டிஸ்க் மூணுக்கும் சதவீதம் காட்டும். வழக்கமா செய்ற வேலையைச் செஞ்சுக்கிட்டே பாருங்க. சிபியு 20, 30-ல சும்மா நிக்குது, டிஸ்க் மட்டும் 100-லயே இருக்குதுன்னா, பிராசசர் வேலை செய்யல, காத்துக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். இந்த மெஷினுக்கு எஸ்எஸ்டி நல்லா வேலை செய்யும். அதுவே சிபியுதான் எப்பவும் 100-ல நிக்குதுன்னா, எஸ்எஸ்டி போட்டும் பெரிய வித்தியாசம் தெரியாது.

எனக்கு டிஸ்க் 100. கூடவே மெமரியும் 90-க்கு மேல. ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு. ரேம்ங்கிறது நாம வேலை செய்ற மேசை, டிஸ்க்ங்கிறது பீரோன்னு வச்சுக்கோங்க. மேசை சின்னதா இருந்தா பாதிப் பொருளை பீரோவுல வச்சு வச்சு எடுக்கணும். 2 ஜிபி ரேம்ல அதுதான் நடக்கும். அந்த பீரோவும் மெதுவா இருந்தா கேட்கவே வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் ஏன் மெது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்தும். அதாவது செகண்டுக்கு 90 சுத்து. ஒரு சுத்துக்கு சுமார் 11 மில்லிசெகண்ட். உங்களுக்கு வேண்டிய டேட்டா தலைக்கு நேரா வந்து நிக்க சராசரியா அரைச் சுத்து ஆகும், 5.5 மில்லிசெகண்ட். அதுக்கு முன்னாடி அந்தக் கை சரியான தடத்துக்கு நகரணும், அது ஒரு 12 மில்லிசெகண்ட். மொத்தம் 17, 18 மில்லிசெகண்ட். ஆக, அங்கங்க சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஃபைல்னா செகண்டுக்கு 60 தடவைதான் எடுக்க முடியும். கம்ப்யூட்டர் பூட் ஆகிறப்போ ஆயிரக்கணக்கான சின்ன ஃபைலைப் படிக்கும். நேரம் எங்க போச்சுன்னு இப்ப புரியுதா?

எஸ்எஸ்டியில சுத்துறதுக்கும் நகர்றதுக்கும் எதுவுமே இல்ல. ஃப்ளாஷ் சிப்புல மின்னேற்றமா டேட்டா இருக்கு. ஒரு தடவை எடுக்க 0.1 மில்லிசெகண்ட் பக்கம்தான் ஆகும்.

நம்ம ஊர்க் கணக்குல சொல்லணும்னா, ஹார்ட் டிஸ்க் ஒரே ஒரு ஆள் நிக்கிற அளவுக்கான அருவி. ஒருத்தர் குளிச்சு வெளிய வந்தாத்தான் அடுத்தவர் போகலாம். எஸ்எஸ்டி ஐந்தருவி மாதிரி. உள்ள பல ஃப்ளாஷ் சிப் இருக்கும், கன்ட்ரோலர் ஒரே நேரத்துல பல இடத்துல இருந்து எடுக்கும். எத்தனை கிளைங்கிறது மாடலுக்கு மாடல் மாறும்.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும்: "என் லேப்டாப் பழைய சாட்டா 2 ஆச்சே, எஸ்எஸ்டியோட முழு வேகம் வராதே?" உண்மை. சாட்டா 2-ல உச்சம் செகண்டுக்கு 300 எம்பி, சாட்டா 3-ல 600 எம்பி. ஆனா அது பெரிய ஃபைலை ஒரே மூச்சா காப்பி பண்றப்போ தெரியுற வித்தியாசம். தினசரி வேலையில நம்மளைக் காக்க வைக்கிறது சின்ன ஃபைல்கள். அதனால கவலைப்படாம போடலாம்.

நான் செஞ்ச தப்பு

இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வச்சுப்பீங்கன்னா, இந்தப் பகுதி ஞாபகம் இருக்கட்டும்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கினேன். கடை அண்ணாச்சி கேட்டார், "உள்ள முக்கியமா எதும் இருக்கா தம்பி?" "இருக்கு அண்ணாச்சி, க்ளோன் பண்ணிக்கிறேன்"னு கெத்தா சொல்லிட்டு வந்துட்டேன். இன்ஜினியர் இல்லையா!

க்ளோன்ங்கிறது டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கிறது. ஓட விட்டேன். 40 சதவீதத்துல நின்னுபோச்சு. உள்ள இருந்து டிக், டிக்னு ஒரு சத்தம். அப்புறம்தான் டிஸ்க்கோட ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற இலவச சாஃப்ட்வேர்ல மஞ்சள் எச்சரிக்கை. படிக்க முடியாத செக்டர்கள் ஏற்கனவே இருந்திருக்கு. வருஷக்கணக்கா பரண்ல கிடந்த டிஸ்க், அதைத் தலையில இருந்து கால் வரைக்கும் முழுசாப் படிக்கச் சொல்லி நான் வாட்டியிருக்கேன்.

அந்த டிஸ்க்ல எங்க தாத்தா போட்டோ இருந்துச்சு. பழைய குற்றாலத்துல தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நிப்பார். அவர் தவறி ஏழு வருஷமாச்சு. வேற எங்கயும் காப்பி இல்ல. க்ளோனை உடனே நிறுத்தினேன். ஒரு லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, அந்த ஃபோல்டரை மட்டும் முதல்ல எடுத்தேன். அப்புறம் மத்ததை ஒவ்வொண்ணா. முக்கால்வாசி வந்துச்சு. சில போட்டோ பாதி சாம்பல் நிறமா திறக்குது, சிலது திறக்கவே இல்ல. துண்டு கட்டின போட்டோ வந்துடுச்சு. அது அதிர்ஷ்டம், திறமை இல்ல.

அதனால வரிசை இதுதான். முதல்ல ஸ்மார்ட் ரிப்போர்ட் பாருங்க. ரெண்டாவது, திரும்பக் கிடைக்காத ஃபைலை வேற இடத்துக்கு எடுங்க. அதுக்கு அப்புறம்தான் க்ளோன், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம். டிஸ்க்ல சத்தம் வந்து, உள்ள இருக்கிறது ரொம்ப முக்கியம்னா, ஆஃப் பண்ணிட்டு டேட்டா மீட்கிறவங்ககிட்ட கொடுங்க. திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீங்க.

வாங்கும்போதும் மாத்தும்போதும்

பழைய லேப்டாப்புக்கு வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. சூயிங்கம் பட்டை மாதிரி மெலிசா வர்ற எம்.2, என்விஎம்இ எல்லாம் அந்த ஸ்லாட் இருக்கிற மெஷினுக்குத்தான். ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்தான். ஆடாம இருக்க சில பெட்டியிலயே ஒரு ஸ்பேசர் தருவாங்க.

ரேம் மாத்துறதா இருந்தா பழைய ரேமைக் கழட்டி லேபிளைப் பாருங்க. டிடிஆர்3-லயே 1.5 வோல்ட் ஒண்ணு, 1.35 வோல்ட்ல ஓடுற டிடிஆர்3எல் ஒண்ணு இருக்கு. சில மெஷின் எல் வகையை மட்டும்தான் ஏத்துக்கும்.

திறக்கிறதுக்கு முன்னாடி சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழட்டிடுங்க. ஸ்க்ரூவை எந்த ஓட்டையில இருந்து எடுத்தோமோ அந்த வரிசையில ஒரு பேப்பர்ல குத்தி வைங்க. நீளம் மாறிப் போட்டா போர்டைக் குத்திடும். சாரல் காலத்துல ஈர இடத்துல கிடந்த மெஷின்னா, ஒரு நாள் காத்தோட்டமா வச்சுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க.

எனக்கு ஆன செலவு: எஸ்எஸ்டி 1,700 ரூபாய், பழைய 4 ஜிபி ரேம் 700, யுஎஸ்பி கேஸ் 300. மொத்தம் 2,700. இன்னைக்கு விலை வேற இருக்கும், ரெண்டு கடையில விசாரிங்க.

எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச செக்யூரிட்டி அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறைக்கு மேல இருக்கணும். 2014 மெஷினுக்கு அந்த வாசல் மூடியாச்சு. குறுக்கு வழி இருக்கு, ஆனா படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற மெஷின்ல நான் அதைச் செய்ய மாட்டேன்.

லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. பத்து வருஷம் முன்னாடி பாஸ் லினக்ஸைத் திறந்தே பார்க்காதவன், அதே மெஷின்ல லினக்ஸ் போட்டேன் பாருங்க.

மறுபடி டைமர். பட்டன்ல இருந்து பிரவுசர் பக்கம் வரைக்கும் 38 செகண்ட். நேர்மையா சொல்றேன், இது முழுக்க எஸ்எஸ்டியோட வெற்றி இல்ல. ரேமுக்கும் லினக்ஸுக்கும் இதுல பங்கு இருக்கு.

என்ன மாறல?

பேட்டரி செத்தது செத்ததுதான், சார்ஜர்லயே ஓடுது. வீடியோ கால்ல ஃபேன் கத்தும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மாதிரி பெருசா ஒண்ணைத் திறந்தா படுத்துடும். பிராசசர் அதே பழைய செலரான்தானே. ஆனா முதல் வருஷம் சி, பைத்தான், அசைன்மென்ட், பாட வீடியோ, இதுக்கு இது போதும். மூணாவது வருஷம் அவளுக்குப் புதுசு வேணும். அதுக்குள்ள ரெண்டு வருஷம் சேர்த்து வைக்க சித்தப்பாவுக்கு நேரம் கிடைச்சிருக்கு. 2,700 ரூபாய்க்கு நாங்க வாங்கினது வேகத்தை விட அந்த நேரத்தைத்தான்னு நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. எஸ்எஸ்டி போட்டாச்சு, இனி டேட்டா பத்திரம்னு நினைக்காதீங்க. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சாகும், எஸ்எஸ்டி சொல்லாம சாகும். அழிச்ச ஃபைலை மீட்கிறதும் இதுல ரொம்பக் கஷ்டம். கரன்ட் இல்லாம வருஷக்கணக்கா பீரோவுல வச்சுப் பாதுகாக்கிற பொருளும் இல்ல இது. தாத்தா போட்டோ இப்ப மூணு இடத்துல இருக்கு.

சித்தி செயின் அவங்க கழுத்துலயேதான் இருக்கு. தங்கச்சி போன வாரம் மெசேஜ் பண்ணியிருந்தா: "அண்ணே, லிங்க்டு லிஸ்ட் ஓடிருச்சு. ஃபேனும் ஓடுது."

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க பழைய மெஷினை ஆன் பண்ணி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் எத்தனை சதவீதம்னு பாருங்க. மாடல் பேரோட எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதை எடுத்துப் பேசுவோம். அதுக்கு முன்னாடி, அதுல இருக்கிற போட்டோவை வெளிய எடுத்துடுங்க. வரட்டுமா!