நம்ம ஊர் கத்தாழைக்கும் டெக்கீலாவுக்கும் என்ன சம்பந்தம்? நல்ல பாட்டிலை கண்டுபிடிப்பது எப்படி?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வேலி ஓரத்தில் முள்ளோடு நிற்கும் ஆனைக்கத்தாழையை பார்த்திருப்பீங்க. அதன் பூர்வீகம் மெக்சிகோ. டெக்கீலா, மெஸ்கால் ரெண்டுமே இந்தக் குடும்பச் செடிகளில் இருந்துதான் தயாராகுது.

பக்கத்து சித்தூர் மாவட்டத்திலேயே டெஸ்மண்ட் நாசரேத்தின் 'அகாவே இந்தியா' நிறுவனம் தக்காணத்துக் கத்தாழையில் மது வடிக்கிறது. 2011-ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதை டெக்கீலா என்று சொல்ல முடியாது. மெக்சிகோவின் குறிப்பிட்ட பகுதிகளில், நீலக் கத்தாழையில் செய்தால்தான் அந்தப் பெயர்.

பெங்களூரு பாரில் காசு கொடுத்து டெக்கீலா வாங்குறீங்கன்னா, லேபிளில் '100% அகாவே' இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, 49% வரை வேறு சர்க்கரையில் இருந்து வந்த சரக்காக இருக்கலாம். உப்பு, எலுமிச்சை எல்லாம் சுமாரான சரக்கின் காரத்தை மறைக்கத்தான் உதவும். நல்லதை ஒரே மடக்கில் விழுங்காமல், மோந்து பார்த்து மெதுவா உறிஞ்சணும். மெஸ்காலில் புகை வாசம் வந்தால் பயப்படாதீங்க, கத்தாழையை மண் குழியில் சுடுவதால் வருவது அது.

வேலிக் கத்தாழையை வெட்டி வீட்டில் முயற்சி பண்ணாதீங்க. சாறு பட்டாலே தோல் அரிக்கும், காய்ச்சினால் கேஸ். வெளிமாநில பாட்டில்களை ஜூஜூவாடி வழியா கடத்தி வந்தாலும் கேஸ்தான்.