பூட்டுப் போட்ட கிணறு!

கிணற்றுக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா குட்டீஸ்? போடுவார்கள்! தரைக்கு மேலே இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மூடி, மூடிக்குப் பூட்டு. தண்ணீர் இறைப்பதற்கான கிணறு அல்ல இது. பூமிக்குள் இருக்கும் தண்ணீர் நலமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கான 'கண்காணிப்புக் கிணறு'. சுரங்கம் இருக்கும் இடங்களில் இதற்கு வேலை அதிகம்.

கடலூர் மாவட்டம் நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி! 1957இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால் நிலக்கரியைக் கண்ணால் பார்க்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது குகை போன்ற சுரங்கம் அல்ல. மேலே உள்ள மண்ணை ராட்சச எந்திரங்களால் அள்ளிவிட்டு எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம். இதில் ஒரு சிக்கல். நிலக்கரிப் படுகைக்கு அடியில் மணற்பாறையில் ஏராளமான தண்ணீர், கடும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீர் நிரப்பிய பலூன் மீது புத்தகங்களை அடுக்கி அமுக்குங்கள். பிறகு புத்தகங்களை எடுத்தால்? பலூன் 'புஸ்' என்று மேலே உப்பும் அல்லவா? அதேபோல, மேல் மண்ணை எடுத்ததும் அடியிலுள்ள தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால்தான் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகலாகத் தண்ணீரை இறைக்கிறார்கள்.

இவ்வளவு இறைத்தால் சுற்றியுள்ள ஊர்க் கிணறுகள் என்னாகும்? கிழக்கே கடல் வேறு பக்கத்தில் இருக்கிறதே, உப்புநீர் உள்ளே ஏறிவிடாதா? நிலக்கரியை எரித்த சாம்பலில் இருக்கும் உலோகங்கள் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்காதா? நெய்வேலிப் பகுதித் தண்ணீரில் பாதரசம் அதிகமாக இருப்பதாக 2023இல் சூழல் அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை விசாரணைக்கு எடுத்தது. குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதாவது, 10 லட்சம் லிட்டர் தண்ணீரில் வெறும் 1 கிராம்! பத்தாயிரம் லிட்டர் லாரிகள் நூறு வந்தால்தான் 10 லட்சம் லிட்டர். கண்ணால் பார்த்தோ குடித்துப் பார்த்தோ கண்டுபிடிக்கவே முடியாது.

அதற்குத்தான் பூட்டிய கிணறு. முதலில் பூட்டைத் திறந்து, அளவு நாடாவை உள்ளே விடுவார்கள். முனை தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று சத்தம் வரும். எத்தனை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் என்று குறித்துக்கொள்வார்கள்.

உடனே பாட்டிலில் பிடித்துவிடுவார்களா? ஊஹூம்! குழாயில் நாள்கணக்கில் தேங்கிக் கிடந்த தண்ணீர் உண்மை சொல்லாது. அதை இறைத்துக் கொட்டிவிட்டு, பாறையிலிருந்து புதிதாக ஊறி வரும் நீரைத்தான் பிடிப்பார்கள். அமில காரத் தன்மையை அங்கேயே அளந்துவிடுவார்கள்; நேரமானால் அது மாறிவிடும். குடிநீருக்கு அது 6.5 முதல் 8.5க்குள் இருக்க வேண்டும். உலோகம் பார்க்கும் பாட்டிலில் மட்டும் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விடுவார்கள். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு, சோதனையில் 'இல்லை' என்று ஏமாற்றிவிடும்! பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குப் பயணம்.

ஒரு கிணற்றைச் சோதித்தால் போதாது. நிலத்தடி நீரும் ஆறு போல ஒரு திசையில் நகர்கிறது, ஆனால் ஆமை வேகத்தில். சுரங்கத்துக்கு முன்னால் ஒரு கிணறு, அதைத் தாண்டி இன்னும் சில கிணறுகள் என்று வைத்து ஒப்பிடுவார்கள். முன்னால் நல்ல தண்ணீர், தாண்டிய பிறகு கெட்ட தண்ணீர் என்றால், கோளாறு நடுவில்தானே?

சரி, பூட்டு எதற்கு? குழாயைப் பார்த்ததும் ஒரு கல்லைப் போட்டு 'டொப்' சத்தம் கேட்க நமக்கு ஆசை வருமே, அதற்குத்தான்! கல் சிக்கிக்கொண்டால் நாடா இறங்காது. பல வருடக் கணக்கு அன்றோடு நின்றுவிடும்.